லேப்டாப் வைஃபை தானாக மாறுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி ஒன்றில் லேப்டாப்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மாணவர்கள், ஆசிரியர்கள், ஊருக்குப் போனால் அக்கா, பக்கத்து வீட்டு மாமா என்று எல்லோரும் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். "மாடிக்குப் போனா நெட் நின்னுடுது", "ரெண்டு வைஃபை இருக்கு, மட்டமானதைத்தான் பிடிக்குது", "மூடித் திறந்தா வைஃபையே காணோம்." கேட்கிற எல்லோரும் முதலில் குறை சொல்வது ரவுட்டரை. ஆனால் பல நேரம் விஷயம் லேப்டாப்புக்குள்ளே, நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்து இணைக்கிற மென்பொருளில் இருக்கிறது. அதைப் பற்றி வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

வைஃபையில் ரோமிங் என்றால் ஃபோனில் வரும் ரோமிங் மாதிரியா?

இல்லை, இதில் கூடுதல் கட்டணம் எதுவும் கிடையாது. ஒரே பெயரில் பல ஆக்சஸ் பாயின்ட்கள் (வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டிகள்) இருக்கும் இடத்தில், இணைப்பை விடாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதுதான் வைஃபை ரோமிங். கல்லூரி, அலுவலகம், மாடி வீடு எல்லாம் இந்த வகை.

வீட்டு வைஃபையிலிருந்து கிளம்பி ஃபோன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுவது வேறு விஷயம். அங்கே பெயர், பாஸ்வேர்டு, ஐபி முகவரி (நெட்வொர்க் உங்கள் லேப்டாப்புக்குக் கொடுக்கும் எண்) எல்லாமே மாறிவிடும். பேச்சு வழக்கில் இரண்டையும் ரோமிங் என்றுதான் சொல்கிறோம். ஆனால் லேப்டாப்புக்குள் இவற்றைக் கவனிக்கும் பகுதிகள் வேறு வேறு. முதல் வகையை வைஃபை டிரைவரும் (வைஃபை கார்டை இயக்கும் மென்பொருள்) அதோடு ஒட்டிய மென்பொருளும் பார்க்கின்றன. இரண்டாவது, எந்த நெட்வொர்க்கில் இணைவது என்று தேர்ந்தெடுக்கும் இணைப்பு மேலாளர் மென்பொருளின் வேலை.

எப்போது மாற வேண்டும் என்று முடிவு செய்வது ரவுட்டரா, லேப்டாப்பா?

லேப்டாப்தான். இந்த ஒன்று புரிந்துவிட்டால் மற்ற பதில்களில் பாதி தானாகப் புரியும்.

செல்ஃபோன் நெட்வொர்க்கில் நாம் பேருந்தில் போய்க்கொண்டிருக்கும்போது எந்த டவருக்கு மாற வேண்டும் என்று நெட்வொர்க் சொல்லும், ஃபோன் கேட்கும். வைஃபையில் அப்படி இல்லை. ஆக்சஸ் பாயின்ட் யோசனை சொல்லலாம், மிஞ்சிப் போனால் இணைப்பைத் துண்டித்து விரட்டலாம். "இங்கிருந்து கிளம்பு, அங்கே போ" என்ற தீர்மானம் லேப்டாப்புடையது.

எங்கள் வீட்டில் கீழே ஹாலில் ரவுட்டர், மாடி அறையில் இன்னொரு ஆக்சஸ் பாயின்ட். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. ஒருநாள் லேப்டாப்பைத் திறந்தபடியே கையில் ஏந்திக்கொண்டு, சிக்னல் எண்ணைப் பார்த்துக்கொண்டே படி ஏறினேன். ஹாலில் மைனஸ் 46. படியின் திருப்பத்தில் மைனஸ் 63. மாடி வாசலில் மைனஸ் 71. மாடி ஆக்சஸ் பாயின்ட் ஆறடி தூரத்தில் பச்சை விளக்கோடு இருக்கிறது, லேப்டாப் இன்னும் கீழ் வீட்டு ரவுட்டரையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அறைக் கதவைச் சாத்தினேன். மைனஸ் 78. ஐந்தாறு விநாடி கழித்து எண் சட்டென்று மைனஸ் 41 ஆனது. அந்த நொடியில்தான் தாவியிருக்கிறது. அதுவரை நான் ரவுட்டர் கம்பெனியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த மைனஸ் எண்கள் என்ன?

டிபிஎம் என்ற அளவு. பூஜ்யத்துக்கு அருகில் வர வர சிக்னல் வலுவானது. மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை வீடியோ கால் நன்றாகப் போகும். மைனஸ் 80ஐத் தொட்டால் திணறல். 3 டிபி குறைந்தால் சிக்னலின் சக்தி பாதியாகிவிட்டது என்று பொருள். மூலையில் தெரியும் கோடுகளை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள், எண்ணைப் பாருங்கள். ஆப்பிள் மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை சின்னத்தைச் சொடுக்கினால் ஆர்எஸ்எஸ்ஐ என்று காட்டும்.

இந்த வேலையைச் செய்யும் மென்பொருள் எது? நான் எதையும் நிறுவவில்லையே.

இயங்குதளத்தோடு சேர்ந்தே வந்திருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி 2001இல் வந்தபோது அதில் வயர்லெஸ் ஜீரோ கான்ஃபிகரேஷன் என்ற சேவை இருந்தது. விஸ்டாவிலிருந்து அதன் இடத்தில் டபிள்யூலான் ஆட்டோகான்ஃபிக் வந்தது. இன்றைய விண்டோஸிலும் அதுதான் ஓடுகிறது.

லினக்ஸில் வெகுநாள் சிரமம். இடம் மாறும் ஒவ்வொரு முறையும் டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரை) நெட்வொர்க் பெயரையும் சாவியையும் கையால் அடித்து, அப்புறம் ஐபி வாங்க இன்னொரு கட்டளை கொடுக்க வேண்டும். 2004இல் ரெட் ஹாட் நிறுவனத்தினர் நெட்வொர்க் மேனேஜர் என்ற இணைப்பு மேலாளரைத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. அதன் கீழே கடவுச்சொல் பேச்சுவார்த்தையை நடத்துவது டபிள்யூபிஏ சப்ளிகன்ட். யூனி மாலினென் என்ற ஃபின்லாந்துக்காரர் எழுதியது. நெட்வொர்க் மேனேஜர் அளவில் பெரிது என்று நினைத்தவர்கள் கொஞ்ச காலம் விக்ட் என்ற சிறிய மென்பொருளை வைத்திருந்தார்கள். பைத்தான் மொழியின் பழைய பதிப்பில் எழுதப்பட்டிருந்ததால் அது ஒதுங்கிவிட்டது. டபிள்யூபிஏ சப்ளிகன்டுக்கு மாற்றாக இன்டெல் உருவாக்கிய ஐடபிள்யூடியின் முதல் முழுப் பதிப்பு 2019இல் வந்தது. அளவில் சிறியது, இணைப்பதிலும் வேகம்.

லேப்டாப்பைத் திறந்த சில விநாடிகளில் உள்ளே என்ன நடக்கிறது?

முதலில் சுற்றுமுற்றும் கேட்கிறது. ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்டும் வழக்கமாக 102.4 மில்லி விநாடிக்கு ஒரு முறை "நான் இன்னார்" என்று அறிவித்துக்கொண்டே இருக்கும். லேப்டாப் சேனல் (அலைவரிசை) சேனலாகப் போய் அதைக் கேட்கிறது, சில சேனல்களில் தானே குரல் கொடுத்தும் விசாரிக்கிறது. கிடைத்த பெயர்களைத் தன்னிடம் சேமித்துள்ள பெயர்களோடு ஒப்பிடுகிறது. தெரிந்த பெயர் இருந்தால் அங்கே தன்னைப் பதிவு செய்துகொள்கிறது. பிறகு இரு பக்கமும் பாஸ்வேர்டை வெளியே சொல்லாமலே, தெரியும் என்று மட்டும் நிரூபித்துக்கொள்கின்றன. நான்கு செய்திகளில் முடியும் பேச்சு அது. கடைசியாக ஐபி முகவரி வாங்கி, இணையம் உண்மையிலேயே வருகிறதா என்று ஒரு சிறிய பக்கத்தைக் கேட்டுப் பார்க்கிறது.

"இணைந்தது, ஆனால் இணையம் இல்லை" என்ற செய்தி இந்தக் கடைசிப் படியில் வருவது. வைஃபை வரை சரி, அதற்கு அப்பால்தான் தடங்கல் என்று அர்த்தம். லேப்டாப்பைக் குடைய வேண்டாம்.

இரண்டு தெரிந்த நெட்வொர்க் இருந்தால் எதைப் பிடிக்கும்?

வலுவானதை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

நெட்வொர்க் மேனேஜரில் ஒவ்வொரு இணைப்புக்கும் தானியங்கி இணைப்பு முன்னுரிமை என்று ஓர் எண் உண்டு. எல்லாவற்றுக்கும் முதலில் 0 இருக்கும். பெரிய எண்ணுக்கு முதல் மரியாதை. எண்கள் சமமானால், கடைசியாகப் பயன்படுத்தியது எதுவோ அது. வீட்டு வைஃபைக்கு 10, ஹாட்ஸ்பாட்டுக்கு மைனஸ் 10 என்று ஒரு முறை வைத்துவிடுங்கள். பிறகு ஹாட்ஸ்பாட்டில் டேட்டா கரைந்து போனது தெரியாமல் இருக்கும் தொல்லை வராது.

விண்டோஸில் நீங்கள் கடைசியாகக் கையால் எதைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதற்கு முன்னுரிமை கூடும். ஹாலில் உட்கார்ந்து முதல் நெட்வொர்க்கைப் பிடித்திருக்கும்போதே, சோதனைக்காக இரண்டாவதை ஒரு முறை தொட்டிருந்தால் போதும். அதன் பின் இரண்டாவதைத்தான் தேடிப் போகும். "நேத்து வரைக்கும் சரியா இருந்துச்சு" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

வலுவான ஆக்சஸ் பாயின்ட் பக்கத்திலேயே இருந்தும் மாறாமல் இருக்கிறதே, ஏன்?

தேடுவதற்கு விலை உண்டு. லேப்டாப்பின் ரேடியோ ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் கேட்கும். வேறு சேனலில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கப் போனால், அந்த இடைவெளியில் உங்கள் வீடியோ காலின் தகவல் காத்திருக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் ரேடார் பயன்படுத்தும் சேனல்களில் லேப்டாப் தானாகக் குரல் கொடுக்கவும் கூடாது, அறிவிப்பு வரும்வரை பொறுமையாகக் கேட்க வேண்டும். இருபது சேனல் என்றால் கூட்டிப் பாருங்கள். அதனால் இருக்கிற இடம் சுமாராக இருந்தால்கூட மென்பொருள் அசையாது, சிக்னல் ஒரு வரம்புக்குக் கீழே போனால்தான் தேடத் தொடங்கும்.

அந்த வரம்பு ஆளுக்கு ஆள் வேறு. மேக் லேப்டாப்புக்கு மைனஸ் 75. அதோடு, புது இடம் இப்போதுள்ளதைவிட 12 டிபி வலுவாக இருந்தால்தான் தாவும். ஐடபிள்யூடியில் வழக்கமான வரம்பு மைனஸ் 70, 5 கிகாஹெர்ட்ஸுக்கு மைனஸ் 76. நெட்வொர்க் மேனேஜர், சாதாரணப் பாஸ்வேர்டு உள்ள நெட்வொர்க்கில் சிக்னல் நன்றாக இருக்கும்வரை பின்னணித் தேடலின் இடைவெளியை 86,400 விநாடி என்று வைத்திருக்கிறது. அதாவது ஒரு முழு நாள்! வீட்டில் ஒரே ஒரு ரவுட்டர்தான் இருக்கும் என்ற எண்ணத்தில் வைத்தது. என் மாடிப்படிச் சோதனைக்கு விளக்கம் இதற்குள் இருக்கிறது.

மாற்ற வேண்டுமானால், விண்டோஸில் இன்டெல் வைஃபை கார்டு இருந்தால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, கார்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் ரோமிங் அக்ரசிவ்னெஸ் என்பதைப் பாருங்கள். ஐந்து படிகள் இருக்கும், நடுவில் வைத்திருப்பார்கள். ஒரு படி ஏற்றிவிட்டு இரண்டு நாள் பாருங்கள். நேராக உச்சத்துக்குப் போகாதீர்கள், காரணம் அடுத்த பதிலில். ஐடபிள்யூடியில் அமைப்புக் கோப்பில் ரோம் த்ரெஷோல்டு என்ற ஒரு வரியை மாற்றினால் சரி.

லினக்ஸில் இன்னொன்றையும் சரிபாருங்கள். இணைப்பின் அமைப்பில் பிஎஸ்எஸ்ஐடி என்ற கட்டத்தில் ஏதாவது முகவரி இருந்தால் அந்த ஒரு ஆக்சஸ் பாயின்டோடு லேப்டாப்பைக் கட்டிப் போட்டது போல. வேறு எதற்கும் போகவே போகாது. காலி செய்துவிடுங்கள்.

ஆனால் என் லேப்டாப் இரண்டுக்கும் நடுவே மாறிக்கொண்டே இருக்கிறது.

இது நேர் எதிர் நோய். மேசை இரண்டு ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் சரி நடுவில் இருக்கும், வரம்பு மிக உயரத்தில் இருக்கும். யாராவது நடுவே நடந்து போனாலே சிக்னல் சில டிபி ஆடும், லேப்டாப் அங்கே ஓடும், திரும்பி வரும். ஒவ்வொரு தாவலுக்கும் கொஞ்சம் அறுபடும். ரோமிங் அக்ரசிவ்னெஸை இறக்குங்கள். அப்படியும் தீராவிட்டால் ஆக்சஸ் பாயின்ட்களின் ஒலிபரப்புச் சக்தியைக் குறையுங்கள். சக்தியைக் கூட்டினால் நல்லது என்று தோன்றும். ஆனால் இரண்டின் எல்லைகளும் ஒன்றின் மேல் ஒன்று அதிகமாகப் படர்ந்தால் லேப்டாப்புக்குக் குழப்பம்தான். 2.4 கிகாஹெர்ட்ஸில் இரண்டையும் 1, 6, 11 ஆகிய சேனல்களில் வேறு வேறாகப் பிரித்து வையுங்கள்.

சிக்னலை நீட்டிக்கும் எக்ஸ்டெண்டர் வாங்கினேன். அதற்கு வேறு பெயர் வைக்கலாமா?

லேப்டாப்போடு வீட்டுக்குள் நடமாடுவீர்கள் என்றால் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு முறை. பெயர் வேறானால் லேப்டாப்புக்கு அது வேறு நெட்வொர்க். கையில் இருக்கும் இணைப்பு அறுந்தால் ஒழிய நெட்வொர்க் மேனேஜர் வேறு பெயருக்கு மாறாது. விண்டோஸில் மட்டும், இணைந்திருக்கும்போதே வேறு நெட்வொர்க்குகளையும் தேடச் சொல்லும் ஒரு தேர்வு அந்த இணைப்பின் பண்புகளில் உண்டு.

ஒரு ஆக்சஸ் பாயின்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வீடியோ கால் அறுபடாமல் இருக்க வழி?

மூன்று தரநிலைகள் இதற்காகவே வந்தன. ரவுட்டர் அமைப்பில் 802.11கே, வி, ஆர் என்று பார்த்திருப்பீர்கள். கே, 2008இல் வந்தது. பக்கத்தில் இருக்கும் ஆக்சஸ் பாயின்ட்கள் எந்தெந்தச் சேனலில் இருக்கின்றன என்ற பட்டியலை லேப்டாப்பிடம் கொடுக்கும். முன்னே சொன்ன இருபது சேனல் அலைச்சல் இரண்டு மூன்றில் முடிந்துவிடும். வி, "அங்கே போனால் உனக்கு நல்லது" என்று ஆக்சஸ் பாயின்ட் யோசனை சொல்வதற்கு. ஆர், பாதுகாப்புச் சாவிகளை முன்கூட்டியே தயார் செய்து வைப்பது. அலுவலக நெட்வொர்க்கில் ஒவ்வொரு தாவலுக்கும் சர்வர் வரை போய் முழு அடையாளச் சோதனை செய்ய வேண்டியிருக்கும். அந்த நேரம் பேச்சில் வெட்டாகக் கேட்கும். ஆர் இருந்தால் அந்தப் பயணமே இல்லை.

ஆனால் பழைய லேப்டாப்கள் சில, ஆர் இயக்கிய நெட்வொர்க்கில் இணையவே மறுக்கும். புதிய அமைப்பை இயக்கிய மறுநாள் யாருடைய பழைய லேப்டாப்பாவது நின்றுபோனால் சந்தேகத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

வைஃபையிலிருந்து ஹாட்ஸ்பாட்டுக்குப் போவதில் இது எதுவும் உதவாது. ஐபி முகவரியே மாறிவிடுகிறது, பழைய இணைப்புகள் செத்துப்போகும். இதற்கு நான் பயன்படுத்துவது வயர்கார்டு விபிஎன். விபிஎன் என்பது இணையத்துக்குள் நமக்கென்று போடும் பாதுகாப்பான சுரங்கப் பாதை. 2020இல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 5.6 பதிப்போடு அது சேர்ந்தது. மறுமுனையை ஐபி முகவரியை வைத்து அடையாளம் காணாமல் சாவியை வைத்து அடையாளம் காண்கிறது. அதனால் முகவரி மாறினாலும் அதே சுரங்கம் தொடரும். பேருந்து நிலையத்தில் ஹாட்ஸ்பாட், கல்லூரியில் வைஃபை என்று மாறினாலும் திறந்து வைத்த டெர்மினல் அப்படியே இருக்கும். முதல் முறை பார்த்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

எடுரோம் என்கிறார்களே, அது என்ன?

கல்வி நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ரோமிங் ஏற்பாடு. 2003இல் ஐரோப்பாவில் தொடங்கியது. இந்தியாவில் எர்நெட் இந்தியா பார்த்துக்கொள்கிறது. உங்கள் நிறுவனத்தின் கணக்கை லேப்டாப்பில் ஒரு முறை அமைத்துவிட்டால், இதில் சேர்ந்துள்ள எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் தானாக இணையும். நீங்கள் போயிருக்கும் பல்கலைக்கழகம் உங்கள் பாஸ்வேர்டைப் பார்ப்பதில்லை. கேள்வி உங்கள் சொந்த நிறுவனத்தின் சர்வருக்கே திரும்பிப் போய் அங்கே சரிபார்க்கப்படுகிறது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அமைக்கும்போது சான்றிதழ் (எதிரில் இருப்பது உங்கள் நிறுவனத்தின் சர்வர்தான் என்பதற்கு ஆதாரம்) தேவையில்லை என்ற கட்டத்தை டிக் செய்யாதீர்கள். சீக்கிரம் வேலை முடியும் என்று பலரும் செய்கிறார்கள். அப்படிச் செய்தால், எடுரோம் என்று பெயர் வைத்த எந்தப் போலி ஆக்சஸ் பாயின்டிடமும் உங்கள் லேப்டாப் தானாகவே போய் அடையாளத்தை நீட்டும். நீங்கள் தொட வேண்டியதுகூட இல்லை, லேப்டாப் பைக்குள் விழித்திருந்தால் போதும். எடுரோமுக்கென்றே இருக்கும் அமைப்புக் கருவியைப் பயன்படுத்தினால் சான்றிதழ் சரியாக உட்கார்ந்துவிடும்.

ரயில் நிலைய வைஃபையில் இணைந்தும் எதுவும் திறக்கவில்லை.

அது பாஸ்வேர்டு இல்லாத நெட்வொர்க். ஃபோன் எண் கொடுத்து ஓடிபி போட்டால்தான் வழிவிடும். அந்தப் பக்கத்தை லேப்டாப் தானாகத் திறக்க வேண்டும். சில நேரம் திறக்காது, ஏனென்றால் பாதுகாப்பான தளங்களை நடுவில் மறித்துத் திருப்பிவிட முடியாது. எச்டிடிபிஎஸ் இல்லாத ஏதாவது பழைய தளத்தின் முகவரியை அடித்துப் பாருங்கள், வரும். விபிஎன் தானாக இயங்கும்படி வைத்திருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். ஊருக்குக் கிளம்பியதும் அந்த நெட்வொர்க்கை மறந்துவிடச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு இல்லாத நெட்வொர்க்கின் பெயரை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். உங்கள் லேப்டாப் பெயரைப் பார்த்து நம்பிவிடும்.

பெயரை மறைத்து வைத்தால் பாதுகாப்பா?

இல்லை. ரவுட்டர் பெயரைச் சொல்லாவிட்டால் லேப்டாப் போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லி "இருக்கிறாயா?" என்று கூவ வேண்டியிருக்கும். வீட்டு ரவுட்டரின் பெயர் டீக்கடையில் வெளியே வரும். இணைவதற்கு ஆகும் நேரமும் கூடும். பெயரைக் காட்டுங்கள், பாஸ்வேர்டை நீளமாக வையுங்கள்.

ரோமிங்கால் பாதுகாப்புப் பிரச்சினை வந்ததுண்டா?

2017 அக்டோபரில் மாத்தி வான்ஹூஃப் என்ற பெல்ஜிய ஆய்வாளர் க்ராக் என்ற ஓட்டையை வெளியிட்டார். அந்த நான்கு செய்திப் பேச்சில் ஒன்றைத் திரும்ப அனுப்ப வைத்தால், பழைய சாவியை மறுபடி போட்டுக்கொள்ளும் குறை அது. வேகமாகத் தாவ உதவும் 802.11ஆர் பகுதியிலும் அதே குறை இருந்தது. லினக்ஸில் டபிள்யூபிஏ சப்ளிகன்டின் சில பதிப்புகள் முழுக்கப் பூஜ்யமான சாவியையே போட்டுக்கொண்டன. திருத்தங்கள் உடனே வந்தன. புதுப்பிக்காமல் அலமாரியில் கிடக்கும் பழைய லேப்டாப்பைக் குழந்தைக்குக் கொடுக்கும் முன் புதுப்பித்துவிடுங்கள்.

தூங்கி எழுந்ததும் வைஃபை வரவில்லை.

பெரும்பாலும் மின்சேமிப்பு. விண்டோஸில் வைஃபை கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கார்டை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். நெட்வொர்க் மேனேஜரில் பவர்சேவ் மதிப்பை 2 ஆக்கினால் மின்சேமிப்பு நிற்கும். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், பரவாயில்லை.

லினக்ஸில் இன்னொரு காரணம், ஒரே கார்டை இரண்டு மென்பொருள் ஆள முயல்வது. இணையத்தில் படித்துவிட்டு ஐடபிள்யூடியைத் தனியாக இயக்கியிருப்பார்கள், நெட்வொர்க் மேனேஜரும் டபிள்யூபிஏ சப்ளிகன்டோடு ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று இணைக்கும், இன்னொன்று துண்டிக்கும். ஒன்றை நிறுத்துங்கள், அல்லது ஐடபிள்யூடியையே பின்புலமாகப் பயன்படுத்தும்படி நெட்வொர்க் மேனேஜரிடம் சொல்லுங்கள்.

விடுதியில் ஒரு முறை பதிவு செய்தும் மறுபடி மறுபடி பதிவு கேட்கிறது.

மேக் முகவரி (வைஃபை கார்டின் அடையாள எண், ஆப்பிள் மேக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை) மாறுகிறது. யாரும் நம்மைப் பின்தொடரக் கூடாது என்று இன்றைய மென்பொருள்கள் முகவரியை மாற்றிக் காட்டும். நல்ல ஏற்பாடுதான். விடுதியின் நெட்வொர்க் உங்களைப் பழைய முகவரியால் நினைவில் வைத்திருக்கிறது, அதுதான் சிக்கல். அந்த ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும் நிலையான முகவரி என்று வையுங்கள். மற்ற இடங்களில் மாறட்டும்.

ஹாட்ஸ்பாட்டில் இணைந்ததும் அப்டேட் இறங்கி டேட்டாவைத் தின்றுவிடுகிறது.

விண்டோஸில் அந்த நெட்வொர்க்கை மீட்டர்டு என்று குறியுங்கள். ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட் என்றால் நெட்வொர்க் மேனேஜர் தானாகவே கண்டுகொள்ளும். ஐபி முகவரி கொடுக்கும்போதே ஃபோன் "இது அளவுக்குட்பட்ட இணைப்பு" என்று ஒரு குறிப்பையும் சேர்த்து அனுப்புகிறது.

எதையும் மாற்றும் முன் எங்கே பார்ப்பது?

பதிவேட்டில். விண்டோஸ் 10, 11இல் நெட்ஷ் கட்டளையின் டபிள்யூலான் ரிப்போர்ட், கடந்த மூன்று நாளில் எப்போது இணைந்தது, எப்போது, எதனால் துண்டானது என்று வரைபடமாகவே கொடுக்கும். லினக்ஸில் ஜர்னல் என்ற பதிவேட்டில் நெட்வொர்க் மேனேஜரின் வரிகளை மட்டும் எடுத்துப் படியுங்கள். துண்டான நேரத்தைக் குறித்துக்கொண்டு அந்த நிமிடத்தில் லேப்டாப் எந்த அறையில் இருந்தது என்று வீட்டில் உள்ளவர்களிடம் கேளுங்கள். எங்கள் அக்கா வீட்டில் தினமும் மாலை 6 மணிக்கு அறுந்ததற்குக் காரணம், அந்த நேரத்துக்கு லேப்டாப் மேசையிலிருந்து சமையலறைத் திண்ணைக்கு, ஃபிரிட்ஜுக்குப் பின்புறம் இடம் மாறியதுதான்.